இரண்டு தரம் இமைத்தால்

என்னிடம் கணிதம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் முதலில் என் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பிறகுதான் கணிதம். கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கத்திப் பழகிய வாய். வீட்டிலும் பஸ்ஸிலும் சபையிலும் அது ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். அந்த வாய் அடைத்துக் கிடந்த மாதங்களைப் பற்றி எழுதித் தரும்படி சபையில் பலர் கேட்டார்கள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே ஒருவரை மன்னித்த சாட்சியை என் கையாலேயே எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேள்விப்பட்ட கதை இதுவல்ல.

முதலில் வந்தது வயிற்றோட்டம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று வெயிலில் கிடந்த மீன் பற்றீஸைத் தின்றது நான்தான், யாரையும் குறை சொல்ல ஏலாது. அது சுகமாகி ஒரு கிழமைக்கு மேல் போனபிறகு கால்கள் விறைக்கத் தொடங்கின. கரும்பலகையில் எழுதிக்கொண்டு நிற்கையில் வெண்கட்டி கையைவிட்டு விழுந்தது. குனிந்து எடுத்தேன், திரும்பவும் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று பின்னேரம் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் பாதிவழியில் இருந்துவிட்டேன், எழும்ப முடியவில்லை. என் கணவர் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளார்க், அதிர்ந்து கதைக்காத மனிதர். அவர் ஓர் ஓட்டோக்காரனைக் கெஞ்சிக் கூட்டிவந்து என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டொக்டர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. மற்றக் காலிலும் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். விடைத்தாள் திருத்தும்போது என் முகமும் அப்படித்தான் மாறும். மறுநாள் என்னை ஒருக்களித்து வளைத்துப் பிடித்து, முதுகெலும்புகளுக்கு இடையில் ஊசியை ஏற்றி நீர் எடுத்தார்கள். மூளையையும் முதுகுத்தண்டையும் சுற்றி இருக்கும் நீர் அது. அதில் புரதம் கூடியிருந்தால் அவர்கள் சந்தேகப்பட்ட நரம்பு வருத்தம் உறுதி என்றார்கள். கூடியிருந்தது.

இரண்டு பிரெஞ்சு டொக்டர்மாரின் பெயரால் அழைக்கப்படும் வருத்தம். எங்கள் டொக்டர் சிங்களவர், இளம்பிள்ளை. பொறுமையாக இங்கிலீஷில் விளங்கப்படுத்தினார். வயிற்றுக்குள் வந்த கிருமியை அழிக்க உடம்பு தன் படையை அனுப்புகிறது. அந்தப் படைக்குக் கிருமி எது, சொந்த நரம்பு எது என்று தெரியாமல் போய்விடுகிறது. நரம்பை அடிக்கத் தொடங்குகிறது. அந்த நாளில் கண்டியிலிருந்த தமிழருக்கு இதைவிட விளக்கமாக ஒரு வருத்தத்தைச் சொல்ல முடியாது. ஐடென்ரிக்காட் பார்க்காமலே அடிக்கிறாங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“பெரும்பாலும் திரும்பி வரும், ரீச்சர்,” என்றார். “ஆனால் எதுவரைக்கும் ஏறும் என்று சொல்ல முடியாது.”

ஏறியது. கால், இடுப்பு, கை, நெஞ்சு. மூச்சு எடுக்கிற தசைகளும் படுத்துவிட்டபோது தீவிர சிகிச்சை வாட்டுக்குக் கொண்டுபோய்த் தொண்டைக்குள் குழாயை விட்டு மெஷினோடு பூட்டினார்கள். கொஞ்ச நாளில் கழுத்தின் முன்பக்கத்தில் ஓட்டை போட்டு, குழாயை அந்த வழியாக மாற்றினார்கள். கடைசியில் என்னிடம் மிஞ்சியது இமைகள் மட்டும். கண்ணை மூடலாம், திறக்கலாம். அவ்வளவுதான்.

ஆனால் காது நன்றாகக் கேட்டது. தோல் நன்றாக உணர்ந்தது. இதைத்தான் யாரும் நம்புகிறார்களில்லை. மூக்கு நுனியில் ஓர் இலையான் இருந்தால் அது தானாகப் பறந்து போகும்வரை கிடக்க வேண்டும். முதுகுக்குக் கீழே கட்டில் சீலை மடிந்திருந்தால் அந்த மடிப்போடு கிடக்க வேண்டும். குழாய்க்குள் சளி சேர்ந்தால் உறிஞ்சி எடுக்க ஆள் வரும்வரை, சேற்றுக்குள் தலையை அமத்திப் பிடித்ததுபோல இருக்கும். கூப்பிட வழியில்லை. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தேன். பைத்தியம் பிடித்தாலும் ஒருவருக்கும் தெரியவராதே என்று அதைவிடக் கூடப் பயந்தேன்.

பார்க்க வந்தவர்களில் தமிழர் “ஐயோ, பாவம்” என்றார்கள். சிங்களவர் “அனே, பவ்” என்றார்கள். இரண்டும் ஒரே சொல்தான். செய்த குற்றத்துக்கும் பட்ட துன்பத்துக்கும் இந்த நாட்டில் இரண்டு பாஷைக்காரரும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம் என்பது அதுவரை என் மண்டையில் ஏறியதில்லை. ஞாயிறு பாடசாலையில் இத்தனை வருடம் பாவம் என்றால் என்ன என்று படிப்பித்திருக்கிறேன். ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் சபையின் ஓர் அன்ரி மட்டும் முதலாவது அர்த்தத்தில் சொன்னா. “மனசில ஒருத்தர்மேல கசப்பை வச்சிருந்தா நரம்பெல்லாம் பழுதாப்போகும், ராணி” என்று என் காதடியில் குனிந்து சொல்லிவிட்டுப் போனா. பற்றீஸ் அன்ரி, பற்றீஸ் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

இந்த வருத்தத்துக்கு ஒரு மருந்து உண்டு. அதைக் கொழும்பில் எடுத்து, குளிர் போகாமல் கொண்டுவர வேண்டும். என் கணவர் ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். சோதனைச் சாவடிகளில் இறக்கி, பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். தமிழன், மூடிய பெட்டி, உள்ளே போத்தல்கள், கேட்க வேண்டுமா? ஒவ்வொரு இடத்திலும் திறந்து காட்டிவிட்டு, ஐஸ் கரைகிறதே என்று கைலேஞ்சியால் பொத்திப் பொத்திக் கொண்டுவந்து சேர்த்தார். எனக்கு அதை ஒரு பகிடியாகத்தான் சொன்னார். அவருடைய சேட்டு முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. எனக்கு அழ வேண்டும்போல் இருந்தது, அதற்கும் ஏலவில்லை.

வாட்டு நேர்ஸ் குமாரி மிஸ்ஸிதான் எனக்கு ஒரு பாஷை தந்தாள். கம்பளைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தேயிலைத் தோட்டத்து நோயாளிகளிடம் தமிழ் பழகியவள். “டீச்சர், ஒரு தடவ கண்ண மூடினா ஆமா. ரெண்டு தடவ மூடினா இல்ல. சரியா?” என்றாள். நான் ஒருதரம் மூடினேன். அவள் கைதட்டினாள். அன்றைக்கு எனக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்ததுபோல் இருந்தது. பிறகுதான் அதிலிருந்த பொறி விளங்கியது. கேட்ட கேள்விக்கு மட்டும்தான் நான் பதில் சொல்லலாம். வாழ்நாள் முழுக்கக் கேள்வி கேட்டவள், இப்போது சரியான கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்துக் கிடக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் அத்தான் வந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். றெயில்வேயில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் நாவலப்பிட்டியில் அவர்களுடைய வீட்டை எரித்தார்கள். அத்தானும் அக்காவும் மூன்று பெண்பிள்ளைகளும் பக்கத்துச் சிங்கள வீட்டின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்து தப்பினார்கள். பிறகு கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவைக்கு மாறி வந்தார்கள். அதற்குப் பின் அவர் பயந்த மனிதர். யார்தான் பயப்படவில்லை?

சில வருடங்களால் என் தம்பி ஜெயசீலன் ஏதோ கணக்காளர் பரீட்சை எழுத யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினான். எங்களுக்கு அவன் சீலன். நானும் கணவரும் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த சமயம் சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துவிட்டார்கள். இங்கே உன்னை யாருக்குத் தெரியும் என்று பொலிஸ் கேட்டதற்கு அத்தானின் பெயரைச் சொன்னான். அரசாங்க உத்தியோகத்தர், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு; அவர் வந்து ‘இவன் என்ர மச்சான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தானைக் கூட்டிவந்து அவனுக்கு நேரே நிறுத்தினார்கள். அத்தான் அவன் முகத்தைப் பார்த்தார். இவனைத் தெரியாது என்றார்.

தம்பியைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய் வழக்கில்லாமல் வருடக்கணக்காக வைத்திருந்தார்கள். வெளியே வந்த கையோடு ஜேர்மனிக்குப் போனான். போகுமுன் எனக்கு மட்டும் நடந்ததைச் சொன்னான். “பெரியக்காவுக்குச் சொல்லிப்போடாதை. அவ அந்த மனுசனோட வாழவேணும்” என்றான். நான் சொல்லவில்லை. அத்தானோடு கதைப்பதை மட்டும் விட்டுவிட்டேன். அக்கா அதை என் மண்டைக்கனம் என்று எடுத்துக்கொண்டாள்.

அன்று கணவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். அத்தான் கதிரையை இழுத்து இருந்தார். பிறகு இருக்கவும் முடியாமல் கட்டிலடியில் முழந்தாளிட்டார். அவருடைய வழுக்கைத் தலைதான் எனக்குத் தெரிந்தது.

“பிள்ளை,” என்றார். “சீலனைத் தெரியாதெண்டு சொன்னனான். அது உனக்குத் தெரியும் எண்டும் எனக்குத் தெரியும். நீ கதைக்காமல் விட்டோண்ணயே விளங்கீட்டுது. பயத்தில சொல்லிப்போட்டன். பிள்ளையள் மூண்டும் கண்ணுக்கு முன்னால வந்து நிண்டுதுகள்.” அழத் தொடங்கினார். “என்னை மன்னிப்பியோ, பிள்ளை?”

எனக்கு வந்தது சுத்தமான கோபம். நேரம் பார்த்து வந்தாரே மனுசன்! வாயோடு நான் நடந்து திரிந்த காலமெல்லாம் பின்கதவால் போனவர், என் வாயை அடைத்த பிறகு வந்து கேட்கிறார். அந்தக் கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் விசுவாசி. மன்னிக்காதவளுக்கு மன்னிப்பில்லை என்று படித்து, படிப்பித்தவள். கரண்ட் நின்று, மெஷினும் நின்று, அன்று பின்னேரமே நான் செத்துப்போகலாம். ‘இல்லை’ என்ற சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டா தேவனுக்கு முன்னால் போய் நிற்பது? ஒருதரம் இமைத்தால் முடிந்தது. ஆனால் யாருடைய காணியை யார் எழுதிக் கொடுப்பது? அடி வாங்கியவன் ஜேர்மனியில் இருக்கிறான். என் பேரில் இல்லாத ஒன்றை நான் எப்படிக் கொடுப்பேன்? இமையால்கூட எனக்கு அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

இரண்டு தரம் இமைத்தேன். நிறுத்தி, தெளிவாக.

அத்தான் துள்ளி எழும்பினார். “ஓம் ஓம் எண்டுறியோ? கடவுளே! ஓம் ஓம் எண்டுட்டாள்!”

‘ஆமா’வுக்கு ‘ஓம்’ என்கிற யாழ்ப்பாணத்தார் ஓர் ஓமோடு நிற்கிறவர்களில்லை. சாப்பிட்டீங்களோ? ஓம் ஓம். மழை வருமோ? ஓம் ஓம். குமாரி மிஸ்ஸியின் பாஷை அவருக்குத் தெரியாது. நான் பதறிப்போய்த் திரும்பவும் இரண்டு தரம் இமைத்தேன், அதற்கு மேலும் இரண்டு தரம். எத்தனை தரம் நான் இல்லை என்றேனோ அத்தனை தரம் அவருக்கு ஓம் கேட்டது. அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

அடுத்த ஞாயிறு அது சபை முழுக்கப் பரவிவிட்டது. என்ன குற்றம் என்று அத்தான் சொல்லவில்லை. குடும்பத்துக்குள் இருந்த ஒரு மனக்கசப்பு என்றுதான் அக்காவுக்கும் தெரியும். அவள் என் நெற்றியில் கொஞ்சி, “எடி, இப்பவாவது உனக்கு நல்ல புத்தி வந்துதே” என்றாள். கணவர், “நல்ல காரியம் செய்தீர், ராணி” என்றார். கேள்வியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே! நான் வெறிபிடித்தவள் மாதிரி இரண்டிரண்டாக இமைத்தேன். அவர் பயந்துபோய், கண் உலர்ந்துவிட்டது என்று மிஸ்ஸியைக் கூப்பிட்டுச் சொட்டு மருந்து விடச் செய்தார். அதன்பிறகு நான் கோபப்பட்ட ஒவ்வொரு முறையும் எனக்குக் கண் மருந்து கிடைத்தது.

போதகரும் வந்தார். நல்ல மனிதர். “பாவம் எண்டது ஒரு கட்டு, ரீச்சர். நீங்கள் அவரையும் அவிட்டு உங்களையும் அவிட்டுவிட்டியள்” என்று சொல்லி ஜெபம் பண்ணினார். என் தொண்டையிலும் மூக்கிலும் கையிலும் இருந்த குழாய்கள் இருந்தபடியே இருந்தன. நான் செய்யாத ஒரு நல்ல காரியத்துக்குள் என்னைப் போட்டுப் பூட்டிவிட்டு எல்லோரும் சந்தோசமாக வீட்டுக்குப் போனார்கள்.

அத்தான் மட்டும் ஒவ்வொரு நாளும் வரத் தொடங்கினார். பிலிமத்தலாவையிலிருந்து பஸ் ஏறி, பார்வையாளர் நேரம் தொடங்கும்போதே வாசலில் நிற்பார். கை கால் மூட்டுகள் இறுகிவிடாமல் மடக்கி நீட்டச் சொல்லிப் பயிற்சி மிஸ் காட்டிக் கொடுத்திருந்தாள். அதை அவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக மடக்குவார், நீட்டுவார். நகம் வெட்டுவார், தோலையும் சேர்த்து வெட்டுவார். என்னைத் தொடாதேயுங்கோ என்று சொல்ல வாயில்லை. என் கையை என்னிடமிருந்தே எடுத்து அவர் மடியில் வைத்திருந்தார். நான் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். முதல் கிழமை பாட்டெல்லாம் முணுமுணுத்தவர், பிறகு ஒன்றும் கதைக்காமல் வேலையை மட்டும் செய்தார். மன்னிப்புக் கிடைத்துவிட்டது, அலுத்துப்போயிற்றாக்கும் என்று நினைத்தேன்.

நான் அந்த ‘இல்லை’யைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தேன். வாய் வந்ததும் முதல் சொல் அதுதான் என்று தீர்மானித்திருந்தேன். கழுத்து முதலில் அசைந்தது. பிறகு தோள். ஏறிய வழியாலேயே வருத்தம் இறங்கிப் போனது, ஆனால் ஆமை வேகத்தில். மெஷினைக் கொஞ்ச நேரம் கழற்றுவார்கள், மூச்சு முட்டும், திரும்பப் பூட்டுவார்கள். கழற்றும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ஒருநாள் மெஷினைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள். கழுத்து ஓட்டையில் சின்னக் குழாய் ஒன்று மட்டும் மிஞ்சியது. அதை விரலால் மூடினால் காற்று தொண்டை வழியாகப் போய்க் குரல் வரும் என்றாள் குமாரி மிஸ்ஸி. என் விரலைத் தூக்கி வைக்க அவளே உதவினாள். கணவர் பக்கத்தில் கைகூப்பாத குறையாக நின்றார்.

“கண் மருந்து வேண்டாம்,” என்றேன். தவளை கத்தினமாதிரி ஒரு குரல். அவர் சிரித்து, அழுது, இரண்டும் சேர்ந்து மூக்கு ஒழுக நின்றார்.

அன்று அத்தான் வருமுன்பே நான் கணவரைத் தேத்தண்ணிக்கு அனுப்பினேன். அத்தானுக்கு என் குரல் வந்தது தெரியாது. வந்து, வழக்கம்போல இடதுகையை எடுத்து மடியில் வைத்து விரல்களை மடக்கத் தொடங்கினார். நான் வலதுகையை இழுத்து இழுத்துக் கழுத்துக்குக் கொண்டுபோனேன்.

“அத்தான்.”

அவர் திடுக்கிட்டார்.

“அண்டைக்கு நான் ஓம் எண்டு சொல்லேல்லை.” ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. “ரெண்டு தரம் எண்டால், இல்லை.”

“தெரியும், பிள்ளை,” என்றார். விரலை விடவில்லை.

எனக்கு விளங்கவில்லை.

“பிறகொருநாள் மிஸ்ஸி உன்னை நோகுதோ எண்டு கேட்டா. நீ ரெண்டு தரம் மூடினாய். அவ சரியெண்டிட்டுப் போட்டா. நான் இந்தக் கதிரையிலதான் இருந்தனான். எனக்குத் தலையில இடி விழுந்தமாதிரிப் போச்சு.”

“ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“வேற என்ன, பயம்தான். சபை முழுக்கச் சந்தோசப்படுது. உன்ர அக்கா வீட்டில பாட்டுப் பாடிக்கொண்டு திரியிறா. எழும்பி நிண்டு, இல்லை, அவள் மன்னிக்கேல்லை எண்டு சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை. நான் அப்பிடித்தானே.”

“அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் வந்தனீங்கள்?”

அவர் என் சுண்டுவிரலை மடக்கினார், நீட்டினார். “நீ ஓம் எண்டிருந்தால் வராமல் விட்டிருப்பன், பிள்ளை. வீட்டில நிம்மதியாப் படுத்திருப்பன்.”

மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் என் வாய்க்குள் உலர்ந்துபோயிற்று. அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் செய்தது பாவம், அவரும் பாவம், இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி அடங்கும் என்று விளங்காமல் அழுதேன். அப்போதும் ‘ஓம்’ வரவில்லை. தேடிப் பார்த்தேன், அது என்னிடம் இல்லை. இருக்கிற இடம் எனக்குத் தெரியும்.

“பேனை இருக்கோ?” என்று கேட்டேன்.

சேட்டுப் பையிலிருந்து எடுத்தார். கடதாசி இல்லை. உள்ளங்கையில் எழுதச் சொன்னேன். ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னேன். இரண்டு இலக்கத்துக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்கினேன். பாதிவழியில் அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் எழுதி முடித்தார்.

“சீலன்ர நம்பர். ஆஸ்பத்திரிக்கு முன்னால கோல் எடுக்கிற கொமினிகேசன் கடை இருக்கு. இப்ப அவன் வீட்டிலதான் நிப்பான்.”

“நான் என்னெண்டு பிள்ளை... எடுத்தோண்ண என்ன சொல்லுறது?”

“முதல்ல அவன்ர பேரைச் சொல்லுங்கோ. பிறகு உங்கட பேரைச் சொல்லுங்கோ. மிச்சத்தை அவன் சொல்லுவான்.”

அவர் எழும்பி நின்றார். உள்ளங்கையைப் பார்த்தபடியே நின்றார்.

“பலமாச் சொல்லுங்கோ,” என்றேன். “அவனுக்கு ஒரு காது கேளாது.”

“எப்ப இருந்து?”

“உள்ளுக்க இருக்கேக்க. அடிச்சதில.”

அவர் என் இடதுகையைக் கட்டிலில் மெதுவாக வைத்து, சீலையை இழுத்து மூடிவிட்டு வெளியே போனார். நான் எழும்ப முடியாமல் கிடந்து காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடைபாதையில் அவருடைய செருப்புச் சத்தம் கொஞ்சத் தூரம் போய் நின்றது.

“சீலன்,” என்று சொல்லிப் பார்த்தார். மெலிந்த குரல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “சீலன்!” யாரோ ஒரு மிஸ்ஸி, இது ஆஸ்பத்திரி, சத்தம் போட வேண்டாம் என்று சிங்களத்தில் அதட்டினாள். அவர் அதைவிடப் பலமாக இன்னொருதரம் கூப்பிட்டார்.